இடது பக்கச் சரிவு

என் கையால் செய்த மரச்சாமான்கள் இதுவரை இரண்டு. ஒன்று, செருப்பு ஸ்டாண்டு. அது லேசாகச் சாய்ந்து நிற்பதால் செருப்புகள் தாமாகவே இறங்கி வந்து நம் காலடியில் நின்றுகொள்ளும். அது ஒரு வசதி என்றுதான் விருந்தாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது, எங்கள் சர்ச்சுக்குச் செய்து கொடுத்த பாட்டு எண் பலகை. எண்களை மாட்டும் ஆணியைக் கொஞ்சம் தப்பான இடத்தில் அடித்துவிட்டேன். காற்றடித்தால் 6 தலைகீழாகி 9 ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு பதினாறாம் பாட்டையும் சபையார் பத்தொன்பதாம் பாட்டையும் ஒரே நேரத்தில் பாடினார்கள். ஆண்டவர் இரண்டையும் கேட்டிருப்பார். ஆயர் என்னைத்தான் பார்த்தார்.

ஆகவே மூன்றாவதாக ஒரு சாப்பாட்டு மேசை செய்யப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி ஹெப்சி, "எந்தப் பக்கம் சாயும்னு முன்னாடியே சொல்லிடுங்க, அந்தப் பக்கம் நான் உக்காரல" என்றாள்.

நாங்கள் இருவருமே வாத்தியார்கள். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு. அவள் பெருங்களத்தூரில் வேறொரு பள்ளியில் தமிழ். வீடு முடிச்சூரில், இரண்டாவது மாடி. பரீட்சை முடிந்தால் இரண்டு பேருமே கட்டுக்கட்டாக விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வருவோம். ஆனால் நான் கணக்குத் தாளைத் திருத்துவது கண்டக்டர் டிக்கெட் கிழிப்பது மாதிரி. விடை, வழி, டிக், அடுத்தது. ஹெப்சி அப்படியில்லை. கட்டுரையை முழுக்கப் படிப்பாள். 'நான் ஒரு பறவையானால்' என்று நாற்பது பிள்ளைகள் எழுதியிருந்தால் நாற்பது பறவைகளோடும் பறந்துவிட்டுத்தான் இறங்குவாள். அதில் ஒரு பறவை முடிச்சூரிலிருந்து கிளம்பி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இறங்கி மீன் பிடித்துத் தின்றுவிட்டு ஹோம்வொர்க் செய்ததாக எழுதியிருந்தது. அதற்கு முழு மதிப்பெண்.

இப்படி மணிக்கணக்காகப் படிக்கும்போது அவள் முன்கை எங்கள் கண்ணாடி மேசையின் விளிம்பில் பதிந்திருக்கும். அந்த விளிம்பு ரம்பம் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான் சொல்லலாம். இரண்டு வருஷமாக அவளுக்கு சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறுவது போல, கையை உதறுவாள். முழங்கையிலிருந்து வரும் நரம்பு அழுந்துகிறது, கூரான விளிம்பில் கையை வைக்கவே வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். தலையணை வைத்துப் பார்த்தோம். அது நழுவி நழுவி விழுந்தது. போன காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தபின் சுண்டுவிரலுக்கு உணர்ச்சி திரும்ப இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவள் ஜாக்கெட் ஊக்கு மாட்ட என்னைக் கூப்பிட்டாள். வேறு காலமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அது இடது கை. ஹெப்சிக்கு எல்லாமே இடது கைதான். எழுதுவது, காய் நறுக்குவது, என் முதுகில் தட்டுவது, எல்லாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் கல்யாண வரவேற்பில் கேக் வெட்டும் நேரம். ஹெப்சி கத்தியை இடது கையில் எடுத்தாள். பின்னாலிருந்து என் சாராள் அத்தை, "தம்பி, வலது கை, வலது கை" என்று கிசுகிசுத்தாள். நான் புது மாப்பிள்ளை. முன்னூறு பேர் பார்க்கிறார்கள். சிரித்த முகத்தோடு கத்தியை அவள் இடது கையிலிருந்து வாங்கி, வலது கையில் வைத்து, அதன்மேல் என் கையையும் வைத்து அமுக்கினேன். கேக் கோணலாக வெட்டுப்பட்டது. போட்டோவில் ஹெப்சி சிரிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. வாயால் கேட்கத் தெரியாதவன், சரி, மரத்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

திட்டம் இதுதான். மேசையின் ஒரு நீளப் பக்கம் மட்டும் பிறை மாதிரி உள்ளே வளைந்திருக்கும். ஹெப்சி நாற்காலியை அந்த வளைவுக்குள் தள்ளி உட்கார்ந்தால் மேசை அவளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்ளும். சுற்றிலும் விளிம்பின் கூர் போகும்படி கால் அங்குலச் சரிவு. ஆனால் அந்த வளைவின் இடது பாதியில், பதினான்கு அங்குல நீளத்துக்கு, விளிம்பு மூன்று அங்குல அகலத்தில் மெதுவாகச் சரிந்து இறங்கும். அவள் முன்கை சாய்ந்து படுத்துக்கொள்ள ஓர் இடம். மேசை செய்வது அவளுக்குத் தெரியும். இந்தச் சரிவு தெரியாது.

"அரையாண்டுத் தாள் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மேசை ரெடியாகலைன்னா நான் வேளச்சேரி போய் ஷோரூம்ல ஒண்ணு வாங்கிடுவேன்" என்றாள் ஹெப்சி. "இந்தத் தடவை மூணு செக்ஷன். நூத்தி இருபத்திரண்டு பேர். என் கை தாங்காதுங்க." கடைசி வரியில் விளையாட்டு இல்லை.

மர வாடியில் தூங்குமூஞ்சி மரப் பலகைகளை ஒட்டி, ஒன்றரை அங்குல கனத்தில் இழைத்துக் கொடுத்தார்கள். "பேரைக் கேட்டதுமே உங்களைப் பார்த்துத்தான் குடுத்திருக்காங்கன்னு தெரியுது" என்றாள் ஹெப்சி. பலகையை எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில், என் ஸ்கூட்டர் இடத்தில், இரண்டு உயரமான முக்காலிகள்மேல் போட்டேன்; கால்கள் கடைசியில்தான். பக்கத்துத் தூணில் 2015இல் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. மேசை அதற்கு இரண்டடி கீழே. இனிமேல் வந்தால் மிதக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட கிட்டு என்ற தச்சர் வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சிலும் ஒரு ப்ளூடூத்தும். முதல் நாளே பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா சார், தூங்குமூஞ்சியா?"

"ஆமா. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது. ஆனா இதுல ரேகை ஒயுங்கா ஓடாது சார். ஷேர் ஆட்டோ மாதிரி, அது போற போக்குலதான் நாம போவணும்."

வளைவை அறுக்க நான் ஆன்லைனில் வாங்கியிருந்த மின்வாளைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். "நல்ல முகத்தக் கீழ போட்டு அறு சார். இந்த வாள் கீழேர்ந்து மேல இழுக்கும். மேல கீற முகம் சிலும்பிப்பூடும்" என்றார்.

அப்படியே செய்தேன். பலகையைக் குப்புறப் போட்டேன். அடிப்பக்கத்தில் அட்டை வைத்து வளைவை வரைந்தேன். வளைவின் முன்னால் நின்று, என் இடது கைப் பக்கம் பதினான்கு அங்குலம் அளந்து, விளிம்பில் உளியால் இரண்டு குறி வெட்டினேன். மறந்துவிடக் கூடாதே என்று குறிகளுக்கு நடுவே பென்சிலால் 'ஹெப்சி, இடது கை' என்று எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டேன். வளைவை அறுத்தேன். பிறகு நானும் கிட்டுவும் சேர்ந்து பலகையைப் புரட்டி, நல்ல முகம் மேலே வரும்படி போட்டோம். கிட்டு விளிம்பு செதுக்கும் தன் ரவுட்டர் மெஷினைக் கொண்டுவந்து சுற்றிலும் கால் அங்குலச் சரிவை ஒரே மூச்சில் ஓட்டிக் கொடுத்தார்.

"இந்த ரெண்டு குறி இன்னா சார்?"

"அதுக்கு நடுவுல அகலமா ஒரு சரிவு வருது. அது என் வேலை."

"மெதுவா பண்ணு சார். வளைவுல ஒரே ஒரு ரூல்தான். மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு ஓட்டு. ரெண்டு ஓரத்துலேர்ந்தும் நடுவுக்கு. எதிர்ல போனா ரேகை கிழிஞ்சி வெளிய வரும்."

அடுத்த இரண்டு வாரமும் பள்ளி விட்டு வந்ததும் கீழேயே நின்றேன்; ஹெப்சியின் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுவேன். உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, பிறகு மர அரத்தால் ராவினேன். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும் அரம் அது; வளைவுக்கு உருண்டைப் பக்கம். கைப்பிடி வலது கையில், நுனி இடது கையில். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளினால் மாவு மாதிரி தூள் உதிர்ந்தது. ஒரு சிலும்பல் இல்லை. அடடா, ஜோனத்தான், உனக்குள் இப்படி ஒருவன் இருந்திருக்கிறானே என்று வியந்தேன். இவ்வளவு சுலபமாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் எதுவும் அப்படி வந்ததில்லை.

இடையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார். 'கார் நிறுத்தத்தில் ரவை போன்ற பொருள் பறந்து வெள்ளை நிறக் கார்களின்மேல் படிகிறது. சம்பந்தப்பட்டவர் கவனிக்கவும்.' வெள்ளை நிறக் கார் அங்கே ஒன்றுதான். சம்பந்தப்பட்டவரும் ஒருவர்தான். தினமும் அவர் காரைத் துடைத்துக் கொடுத்தேன்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள் வந்தது. எனக்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. ஹெப்சிக்குக் காலையில் பரீட்சை அறை மேற்பார்வை. ஐந்து மணிக்கு மூன்று செக்ஷன் தாள்களோடு வருவாள். வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்துக் காட்டுவது என்று முடிவு செய்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

பத்து மணிக்குக் கிட்டு வந்தார். சரிவின்மேல் உள்ளங்கையை ஓட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து வளைவுக்குள் போனார். வலது முன்கையைச் சரிவில் படுக்கவைத்து, காற்றில் கையெழுத்துப் போட்டார்.

"சூப்பர் சார். மெய்யாலுமே சூப்பர். உனுக்கு நல்லா ஒத்துக்கும்."

"எனக்கில்ல கிட்டு. மேடத்துக்கு."

கிட்டுவின் கை காற்றில் நின்றது. "மேடம் லெஃப்ட் இல்ல?"

"ஆமா."

"நானே பாத்துகினுதானே கீறேன். ஸ்கூட்டி சாவி, கேட்டு, கொரியர்காரன் கையெழுத்து, அல்லாமே லெஃப்ட்டு." அவர் மெதுவாக எழுந்தார். "சார், இது ரைட்டுல கீது சார்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சரிவு என் வலது கைக்குக் கீழே இருந்தது. எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, மறுபடி உட்கார்ந்தேன். இன்னும் வலது கைக்குக் கீழேதான் இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். 'ஹெப்சி, இடது கை.' அம்புக்குறி அழகாகக் காட்டியது.

குப்புறக் கிடந்த பலகையில் இடது பக்கம் குறித்துவிட்டு, அதை மல்லாத்திப் போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புக்குப் பிரதிபலிப்பு என்று ஒரு பாடம் உண்டு. பதினெட்டு வருஷமாக நடத்துகிறேன். கண்ணாடியில் இடது வலதாகும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டி, புரியாத பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். அவர்கள் யாரும் இங்கே இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆனால் என் கண்முன் வந்து நின்றது பாடம் இல்லை, போட்டோ. முன்னூறு பேர் நடுவில் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி வலது கையில் திணித்தேனே, அதையே இப்போது வாரக்கணக்கில் உழைத்து, தூங்குமூஞ்சி மரத்தில், மறுபடியும் செய்து வைத்திருக்கிறேன். இதைப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்? இந்த மனுஷனுக்கு இன்னும் என் கை எது என்றே தெரியவில்லை என்றுதானே.

"இன்னா சார் பேஜாராயிட்ட? அந்தப் பக்கமும் ஒண்ணு போட்ருவோம்" என்றார் கிட்டு. அவருக்கு மேலே வேலை இருந்தது. இருந்தும் மரம் தேய்க்கும் கை கிரைண்டரில் டிஸ்க் மாட்டி, அரை மணி நேரத்தில் இடது பாதியிலும் ஒரு சரிவைக் கரடுமுரடாகத் தோண்டிக் கொடுத்தார். கஸ்தூரிரங்கனின் கார் இட்லித் தட்டு போல ஆனது. "மிச்சம் அரத்துல ராவிக்க சார். நாலு மணிக்குள்ள முடியும்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார்.

அரத்தை எடுத்தேன். வழக்கம்போல வலது கையில் கைப்பிடி. தள்ளினேன். தர்ர்ர் என்று மரம் கிழிந்து, மீன் செதில் மாதிரி எழுந்து நின்றது.

அப்போதுதான் கிட்டுவின் ஒரே ஒரு ரூல் புரிந்தது. வளைவின் வலது பாதியில் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டுவதென்றால் வலமிருந்து இடம். வலது கைக்காரனுக்கு அது இயல்பு. இடது பாதியிலோ இடமிருந்து வலம் ஓட்ட வேண்டும். அதற்குக் கைப்பிடி இடது கையில் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். என் இடது கை இதுவரை செய்திருக்கும் ஒரே தனி வேலை கடிகாரம் கட்டிக்கொள்வது. அரம் எகிறி என் கட்டைவிரலில் பட்டது. தோல் கொஞ்சம் போனது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன்.

மேலே போய்க் கிட்டுவிடம் யோசனை கேட்டேன். "அந்தாண்டப் பக்கம் நின்னு பண்ணு சார். எட்டலைன்னா மேசை மேல ஏறிப் படுத்துக்க. தலைகீழ் ஆச்சுன்னா உன் ரைட்டு கரீட்டா வரும்" என்றார்.

எதிர்ப்பக்கம் நின்றால் எட்டவில்லை. ஏறிப் படுத்தேன். என் உடம்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குப்புறப் படுத்தால் வயிறு மட்டும்தான் மேசையைத் தொடும், மற்றதெல்லாம் தராசு மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். கால்கள் வெளியே தொங்க, தலை வளைவுக்குள் தொங்க, அரத்தைத் தள்ளினேன். கிட்டு சொன்னது சரிதான். வலது கை சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு தள்ளலுக்கும் நான் ஓர் அங்குலம் பின்னால் போனேன். தவழ்ந்து முன்னால் வந்து மறுபடி தள்ளினேன்.

கஸ்தூரிரங்கன் கார் சாவியோடு வந்தார். முதலில் என் கால்களைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து தலையைப் பார்த்தார்.

"ஜோனத்தான் சார்... உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல சார். வேலையா இருக்கேன்."

"பரவாயில்ல, பரவாயில்ல, பண்ணுங்கோ" என்றார். அவருடைய காரைப் பற்றி ஒன்றும் பேசாமல், அதை எடுக்காமலே நடந்து வெளியே போனார். மிகவும் பயந்திருந்தால்தான் அவர் அதைப் பேசாமல் இருப்பார்.

மணி மூன்றரை. பாதிதான் முடிந்திருந்தது. முன்பு கிழிந்த இடமும் அப்படியே இருந்தது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து மரத்தில் சொட்டியது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டபோது என் முகத்துக்கு நேராக ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. எங்கள் செருப்பு ஸ்டாண்டிலிருந்து தினமும் இறங்கி வரும் செருப்பு.

"என்னங்க இது?" என்றாள் ஹெப்சி.

தலைகீழாக நிமிர்ந்து பார்த்தேன். தோளில் ஒரு பை, கையில் இரண்டு கட்டு விடைத்தாள். "சீக்கிரம் வந்துட்டியா?"

"அரை நாள்ல விட்டுட்டாங்க. கட்டு போட்டு எடுத்துட்டு வந்தேன். நீங்க இறங்குங்க முதல்ல. மாட்டு வண்டியில மூட்டை மாதிரி இருக்கீங்க."

இறங்கினேன். சட்டை முன்பக்கம் முழுக்க மரத்தூள். கைக்குட்டையில் ரத்தம். அவள் தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டு முதலில் என் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். வலது பக்கம் பளபளவென்று ஒரு சரிவு. இடது பக்கம் நாய் கடித்தது மாதிரி ஒரு சரிவு.

"இது என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். 'அழகுக்காக' என்று ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. "உன் கையை வைக்க. அழுந்தாம. இடது பக்கம்தான் நினைச்சேன், ஹெப்சி. சத்தியமா. ஆனா வலது பக்கம் பண்ணிட்டேன்."

அவள் வலது பக்கச் சரிவை ஆள்காட்டி விரலால் ஒரு தடவை நீளத்துக்குத் தடவினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாததால் மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். கல்யாணத்தன்று கேக்குக்குப் பக்கத்தில் நின்ற அதே மாதிரி நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன். உடம்பில் கோட்டு சூட்டு மட்டும் இல்லை.

அவளுடைய பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் உடனே எழவில்லை. மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இங்க ஏதோ எழுதியிருக்கு."

"ம்."

"ஹெப்சி, இடது கை." படித்துக்கொண்டே இருந்தாள், அது ஒரு நீண்ட கட்டுரை மாதிரி. பிறகு தலை வெளியே வந்தது. தலையில் தூள். "கவுத்துப் போட்டு எழுதிட்டு, திருப்பிப் போட்டுட்டீங்களா?"

"ஆமா."

"நீங்க எட்டாங்கிளாஸுக்கு ஒரு பாடம் எடுப்பீங்களே..."

"தெரியும். அதைச் சொல்லாத."

அவள் சிரித்தாள். பல்லைக் கடிக்காத சிரிப்பு. தூணைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கஸ்தூரிரங்கனின் காரில் சாய்ந்து அதன் தூளெல்லாம் புடவையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வழி சரி, விடைதான் தப்பு. ஸ்டெப் மார்க் போடலாம்."

"எத்தனை?"

"அஞ்சுக்கு நாலு. தள்ளுங்க, உக்காந்து பாக்கறேன்."

தாள்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை வளைவுக்குள் இழுத்து உட்கார்ந்தாள். இடது கையில் சிவப்புப் பேனாவை எடுத்து, எழுதுவது போல முன்கையை மேசைமேல் வைத்தாள். கரடுமுரடான அந்தச் சரிவின்மேல் அவள் கை படவே இல்லை. ஒரு சாண் தள்ளி, குறுக்காக விழுந்தது. இடது கைக்காரர்கள் தாளைச் சாய்த்து வைத்து, கையை வளைத்து எழுதுவார்கள். இருபத்தாறு வருஷமாக எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். நான் போட்ட கணக்கில், அவள் கை என் கையின் பிரதிபலிப்பாக இருந்தது. அது அப்படி இல்லை. அது வேறு கை. சரியான பக்கத்திலேயே செய்திருந்தாலும் தப்பான இடத்தில்தான் செய்திருப்பேன்.

"அசையாத" என்றேன். பென்சிலை எடுத்து அவள் முன்கையை ஒட்டி மேசையில் கோடு வரைந்தேன். மணிக்கட்டில் தொடங்கி, முழங்கை வரைக்கும், சுற்றி மறுபக்கம்.

"கூசுது."

"அசையாதேன்னா."

கோடு போட்டு முடிந்ததும் அரத்தை எடுத்தேன். வலது கையில். தர்ர்ர்.

"ஏன் எதிர்ல இழுக்கறீங்க? அது வலிக்கிற மாதிரி கத்துதே" என்றாள். "இப்படி இல்ல போகணும்?" என்று இடமிருந்து வலமாகக் காற்றில் கையை ஓட்டிக் காட்டினாள்.

"அப்படித்தான் போகணும். என் கை அப்படிப் போகாது. அதனாலதான் மேல படுத்திருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அரத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். இடது கையை.

கொடுக்க நான் ஒரு நொடி தயங்கினேன். நரம்பு, டாக்டர் என்று என்னவோ சொன்னேன். "அஞ்சு நிமிஷம் பிடிச்சா ஒண்ணும் ஆகாது, குடுங்க" என்றாள். கைப்பிடியை அவள் இடது கையில் வைத்தேன். நுனியை எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு என் கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளினாள். மாவு உதிர்ந்தது. இன்னொரு தடவை. செதில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. மூன்றாவது தடவையில் அவளுக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் செய்யுள் சொல்லிக் கொடுக்கும்போது காலால் தட்டுவாளே, அந்தத் தாளம்.

"ரொம்ப ஈஸியா இருக்கே" என்றாள். "இதுக்குத்தான் இத்தனை நாளா?"

"உனக்கு ஈஸி."

இன்னும் நாலு தடவை தள்ளினாள். பிறகு அரத்தை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், "அன்னைக்குக் கத்தியையும் இந்தக் கையிலேயே விட்டிருந்தீங்கன்னா கேக் நேரா வந்திருக்கும்" என்றாள்.

இருபத்தாறு வருஷம்.  "அத்தை சொன்னாங்க" என்றேன். இதைவிட மட்டமான பதில் உலகத்தில் இருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். பிறகு எப்படியோ, "தப்புதான் ஹெப்சி" என்று வந்துவிட்டது.

"தெரியும். அடியில எழுதியிருந்ததே" என்றாள்.

மாறி மாறிச் செய்தோம். அவளுக்குக் கை வலிக்கும் முன் வாங்கிக்கொண்டு நான் உப்புத்தாள் தேய்த்தேன். அதற்கு எந்தக் கையானாலும் சரி. கோட்டுக்கு உள்ளே இருந்த மரமெல்லாம் இறங்கி, விளிம்பு அவள் கைக்கு வழிவிட்டது. நாலே முக்காலுக்குக் கிட்டு வந்து தடவிப் பார்த்தார். "இன்னா சார், இந்த சைடு உன் சைடவிட நல்லா கீதே, ஆரு பண்ணது?" என்றார். ஹெப்சி அரத்தைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, மாடுலர் கிச்சனுக்கு வர்றியா?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய் பூசி இரண்டு நாள் காயவைக்கச் சொன்னார்.

இரண்டு நாள் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. தூளைத் துடைத்தோம். ஹெப்சி நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் கட்டைப் பிரித்து, அங்கேயே, ஸ்கூட்டர்களுக்கும் வெள்ளைக் காருக்கும் நடுவில் திருத்த ஆரம்பித்தாள். நான் மேலே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கவிழ்த்த வாளிமேல் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்து நிமிஷம் ஆனது. கை உதறவில்லை. ஒரு பிள்ளை மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். இருபது நிமிஷம். கஸ்தூரிரங்கன் திரும்பி வந்து, காரைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "குட் ஈவ்னிங் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொசு வந்தது. நான் விசிறினேன். முப்பது. அவள் விரல்கள் பேனாவைத் தளர்வாகப் பிடித்திருந்தன.

நாற்பத்தோராவது நிமிஷம் கையைத் தூக்கினாள். இரண்டு தடவை உதறினாள். மறுபடி அதே இடத்தில் படுக்கவைத்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்று! எழுந்து கை தட்டியிருப்பேன். வாளி கவிழ்ந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"என்னங்க, வாட்சையே பாத்துட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. உன் டீ ஆறுது."

"எங்க வெச்சிருக்கீங்க? அந்த வலது பக்கச் சரிவுல மட்டும் வெச்சுடாதீங்க" என்றாள், தாளிலிருந்து தலை நிமிராமல்.

அங்கேயே நான் வைத்திருந்த டம்ளர் அப்போதுதான் மெதுவாக நகர ஆரம்பித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கையால் பிடித்தேன். இடது கை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.